ஃபோர்ஜ் ஷாப் குளுக்கோஸ்

“…வேற யாரையாச்சும் குடுக்கச் சொல்லுங்க டாக்டரம்மா, நான் தொட மாட்டேன். இந்தக் கை குடுத்த குளுக்கோஸ் இன்னா பண்ணுச்சுன்னு உங்களுக்கே தெரியும். கொழந்த பொறந்து ஒரு பொழுதுகூட ஆகல. என்னை வுட்டுடுங்க.”

இப்படிச் சொல்லிவிட்டு ஏழுமலை இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். எதிரே டாக்டர் வசுந்தரா ஒரு தம்ளரும் சின்னக் கரண்டியுமாக நின்றிருந்தார். தம்ளரில் குளுக்கோஸ் கரைத்த தண்ணீர். பக்கத்துத் தொட்டிலில் ஏழுமலையின் மூன்றாவது குழந்தை. முதல் இரண்டும் தங்கவில்லை. இந்தத் தண்ணீர் உள்ளே போகாவிட்டால் மூன்றாவதும் தங்குவது சந்தேகம். குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்து, சர்க்கரை மிகவும் இறங்கியிருக்கிறது என்று சொன்னதே நான்தான்.

ஹைதராபாத்தின் ஓரத்தில் ஒரு பெரிய அரசுத் தொழிற்சாலை. அதன் ஆஸ்பத்திரி லேபில் ரத்தமும் மூத்திரமும் பார்த்தே என் உத்தியோக காலம் போயிற்று. நான் ஓய்வு பெறும் சமயத்தில் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் இப்போது கச்சிபௌலியில் பெரிய லேப் ஒன்றைக் கவனித்துக்கொள்கிறாள். போன வாரம் மல்காஜ்கிரிக்கு என்னைப் பார்க்க வந்தவள், “அக்கா, இப்பல்லாம் கர்ப்பிணின்னு வந்தாலே ஆரஞ்சு வாசனையோட ஒரு பாட்டில் குடுத்துடறோம். குடிச்சிட்டு செல்போனைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. நீங்க எல்லாம் எப்படிப் பாத்தீங்க?” என்று கேட்டாள். எப்படிப் பார்த்தோம் என்று நாலு வார்த்தையில் சொல்லி அனுப்பினேன். அவள் போன பிறகுதான் ஏழுமலையைப் பற்றிச் சொல்லவே இல்லையே என்று தோன்றியது. அவரை விட்டுவிட்டால் நான் சொன்னது வெறும் சமையல் குறிப்புதான்.

நான் கல்லூரியில் படித்து அந்த வேலைக்கு வந்தவள் இல்லை. அப்பா ரயில்வே பட்டறைக்காரர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் லேபில் பாட்டில் கழுவ ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். கழுவிக்கொண்டே பார்த்தேன், பார்த்ததைச் செய்து பழகினேன், பிற்பாடு இலாகா பரீட்சை எழுதி டெக்னீஷியன் ஆனேன். பரீட்சைக்குப் படித்ததைவிட பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜனங்கள் பேசியதைக் கேட்டு நான் கற்றுக்கொண்டது அதிகம்.

அந்த நாளில் கர்ப்பிணிகளுக்கு முதல் சோதனை மூத்திரத்தில்தான். சோதனைக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, சில சொட்டு மூத்திரம் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்ச வேண்டும். சர்க்கரை இல்லாவிட்டால் நீலம் நீலமாகவே இருக்கும். இருந்தால் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று மாறி, மிகவும் அதிகமானால் செங்கல் நிறத்தில் வந்து நிற்கும். “எனக்கு இன்னைக்கு என்ன கலர்க்கா?” என்று பெண்கள் ஜவுளிக்கடையில் விசாரிப்பதுபோல் விசாரிப்பார்கள். ஒருத்திக்கு எப்போது பார்த்தாலும் செங்கல். ஆள் நன்றாக நடமாடிக்கொண்டிருக்கிறாள். கடைசியில் பார்த்தால் அவள் மூத்திரம் கொண்டுவந்தது நன்னாரி சர்பத் பாட்டிலில். டாக்டர் வசுந்தரா அந்தப் பாட்டிலை மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, “இதுல உன் பங்கு எவ்வளவு, சர்பத் பங்கு எவ்வளவு?” என்று கேட்டார். அன்றிலிருந்து வீட்டுப் பாட்டில் கூடாது, ஆஸ்பத்திரியில் கழுவிய பாட்டில்தான் என்று ஆயிற்று. அவ்வளவையும் கழுவியது யார் என்று சொல்லத் தேவையில்லை.

டாக்டர் வசுந்தரா தெலுங்குக்காரர். மதராஸில் படித்ததால் தமிழ் நன்றாகவே பேசுவார், தெலுங்கு நெடி கொஞ்சம் அடிக்கும். எத்தனையோ டாக்டர்களின் கீழ் வேலை பார்த்திருக்கிறேன். அவரிடம் இருந்த ஒரு பழக்கத்தை வேறு யாரிடமும் பார்க்கவில்லை. நோயாளியின் கட்டில் பக்கத்தில் நின்று பேச மாட்டார். ஒரு குட்டை ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, படுத்திருப்பவள் அண்ணாந்து பார்க்க வேண்டியில்லாதபடி உட்கார்ந்துகொள்வார். அவள் சொல்லி முடிக்கும்வரை பேனாவைத் திறக்க மாட்டார். “எழுத ஆரம்பிச்சா அவ நிறுத்திடுவா” என்பார். என்னிடம் அடிக்கடி சொன்னது இன்னொன்று. “உன் ரத்தம் பொய் சொல்லாதுதான். ஆனா பாதிதான் சொல்லும். மீதிய அந்த அம்மாகிட்ட கேக்கணும்.”

ஏழுமலையும் அவர் மனைவி பூங்காவனமும் டாக்டர் அறைக்கு முதலில் வந்தது மாசி மாதம் என்று நினைக்கிறேன். ரத்தம் எடுக்க என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். இருவருக்கும் ஊர் வட ஆற்காடு பக்கம். ஏழுமலைக்கு வேலை ஃபோர்ஜ் ஷாப்பில், பழுக்கக் காய்ந்த இரும்பைச் சம்மட்டி மெஷினுக்கு அடியில் பிடிக்கிற வேலை. தடித்த கை, கருகிய முழங்கை, அந்தக் கூச்சலில் பழகிய உரத்த குரல். பூங்காவனத்தின் பேச்சையும் அவரே சேர்த்துப் பேசுவார்.

முதல் குழந்தை ஒன்பதாம் மாதத்தில் வயிற்றிலேயே அசைவு நின்றுவிட்டது. இரண்டாவது உயிரோடு பிறந்து, மறுநாள் நடுங்கி நடுங்கி அடங்கிவிட்டது. இரண்டுமே ஊரில், அவள் தாய்வீட்டில் நடந்தவை. “ரெண்டும் ராஜா மாரி டாக்டரம்மா. தூக்கவே ரெண்டு கை பத்தாது. பாத்தவன் கண்ணெல்லாம் பட்டுச்சு” என்றார் ஏழுமலை. இரண்டு பிள்ளைகளையும் புதைத்த மனிதர், அவற்றின் பருமனைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

டாக்டருக்கு அந்தப் பருமன்தான் சந்தேகம். தாயின் ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் பிள்ளை அளவுக்கு மீறிப் பெருக்கும், கடைசி மாதத்தில் திடீரென்று போய்விடும், பிழைத்துப் பிறந்தாலும் கண்டம் என்று எனக்கு அவரே முன்பு சொல்லியிருக்கிறார். இப்போது சோதனை செய்கிற மாதிரி எல்லாருக்கும் அப்போது செய்வதில்லை. இப்படிச் சரித்திரம் உள்ளவர்களுக்கு மட்டும்தான்.

“சர்க்கரை வியாதியா இருக்கலாம். பாத்துடலாம்” என்றார் டாக்டர்.

“அது பணக்காரங்க வியாதியாச்சே. நாங்க வெல்லக் காப்பி குடிக்கிறவங்க. ரேசன் சர்க்கரைய அப்டியே பக்கத்து வூட்டு பீபிகிட்ட குடுத்துர்றோம், அவங்க மண்ணெண்ண குடுப்பாங்க” என்றார் ஏழுமலை.

மறுநாள் காலை வெறும் வயிற்றோடு வந்தாள். முதலில் ஒரு முறை ரத்தம் எடுத்தேன். பிறகு ஒரு பெரிய தம்ளர் நிறைய குளுக்கோஸ் தண்ணீர். அதைக் குடிக்க வைப்பது இருக்கிறதே, அதுதான் எங்களுக்கு நிஜமான வேலை. வெறும் வயிற்றில் அவ்வளவு தித்திப்பு யாருக்கும் இறங்காது. வாந்தி எடுத்துவிட்டால் இன்னொரு நாள் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பூங்காவனம் பாதியில் நிறுத்திப் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் முதுகைத் தடவிக்கொடுத்து, “கொழந்தைக்கு நல்லதும்மா, மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சிடு” என்றார். வராந்தாவில் நின்று ஏழுமலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் குடித்து முடித்ததும் தானே குடித்தவர்போல் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு மணிக்கு ஒரு முறை அவள் கையிலிருந்து ரத்தம் எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் சர்க்கரை இருக்க வேண்டிய இடத்துக்கு மேலேயே இருந்தது.

சாதத்தைக் குறைத்து ஜொன்ன ரொட்டி, அதாவது சோள ரொட்டி, சாப்பிடச் சொன்னார் டாக்டர். “இது ரொட்டியா, தவலை மூடியா?” என்று கேட்டாள் பூங்காவனம். அவள் எங்களோடு பேசிய முதல் வார்த்தை அதுதான். ஆனாலும் சாப்பிட்டாள். தினமும் காலையில் இன்சுலின். இன்று பேனா மாதிரி வருகிறது. அன்று கண்ணாடி சிரிஞ்சு, அதைத் தனிப் பாத்திரத்தில் கொதிக்க வைக்க வேண்டும். அவர்கள் குவார்ட்டர்ஸில் ஃபிரிட்ஜ் ஏது? ஈர மணல் நிரப்பிய பானைக்குள் மருந்துக் குப்பியைப் புதைத்து, பானையைச் சுற்றி ஈரத்துணி. தனக்குத் தானே குத்திக்கொள்ள அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஏழுமலை பழகிக்கொண்டார். வார்டு சிஸ்டர் ஏலியம்மா ஒரு சாத்துக்குடியைக் கொடுத்துப் பழக்கினார். “டன் கணக்கா சம்மட்டி எறங்கும்போது நடுங்காத கை சிஸ்டர், இந்த ஊசிக்கு நடுங்குது” என்று சொல்லிக்கொண்டே அந்தப் பழத்தைச் சல்லடையாக்கினார். கையை முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவி, துடைக்காமல் மேலே தூக்கிப் பிடித்துக் காயவைக்க வேண்டும் என்று சிஸ்டர் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தார்.

டாக்டர் ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார். மருந்து அதிகமாகிவிட்டால் சர்க்கரை ரொம்ப இறங்கிவிடும். வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சுக் குழறினால் தாமதிக்காமல் குளுக்கோஸோ சர்க்கரையோ கரைத்துக் கொடுத்துவிட வேண்டும். ஏழுமலை தலையாட்டினார்.

சில வாரங்கள் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. நான் சொல்கிற அளவைக் கேட்டு டாக்டர் சிரிக்கும்படி இருந்தது. பங்குனி வெயில் ஏற ஏற, பூங்காவனத்தின் சர்க்கரையும் ஏறியது. மாதம் ஏறினால் மருந்தும் கூடுதலாகத் தேவைப்படும் என்பதால் டாக்டர் முதலில் ஆச்சரியப்படவில்லை. அளவைக் கூட்டினார். அப்படியும் இறங்கவில்லை. மறுபடி கூட்டினார்.

“இனிப்பு ஏதாவது சாப்பிட்டியாம்மா?”

“இல்லைங்க.”

“லட்டு, ஜாங்கிரி, பாயசம்? மறைக்காம சொல்லு. திட்ட மாட்டேன்.”

“சத்தியமா இல்லைங்க. பக்கத்து வூட்டு ஷமீம் அக்கா ரம்ஜானுக்குக் குடுத்த சேமியாவக்கூட தொடல.”

வார்டில் சேர்த்துப் பார்த்தார்கள். ஒரு வாரத்தில், கூட்டிய அளவைக் குறைக்கும்படி சர்க்கரை நன்றாக இறங்கிவிட்டது. வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த தடவை வரும்போது மறுபடி ஏறியிருந்தது, டாக்டர் மருந்தையும் மறுபடி கூட்டினார். சிஸ்டர் ஏலியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. நல்ல மனுஷி, வாய் மட்டும் கொஞ்சம் காரம். “ஆஸ்பத்திரியில அடங்கியிருக்கிற நாக்கு, வீட்டுக்குப் போனதும் நீளுதோ?” என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிட்டார். ரத்தம் எடுக்க என்னிடம் கையை நீட்டிய பூங்காவனம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கண்ணீர் காதோரம் வழிந்தது. இவள் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் என் சோதனைக் குழாயும் பொய் சொல்லவில்லையே. டாக்டர், ஏலியம்மாவைத் தனியே கூப்பிட்டு, “இனிமே இந்தப் பொண்ணை யாரும் எதுவும் சொல்லக் கூடாது” என்றார். அவர் குரல் கொஞ்சம் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

சித்திரை வெயிலில் ஒரு நாள் முன்பகல். ஃபோர்ஜ் ஷாப்பிலிருந்து ஏழுமலையை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தொடையும் வயிறும் இழுத்துப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார். அந்த வெக்கையில் வேலை செய்கிறவர்களுக்கு அப்படி வருவது உண்டு. அதற்காகவே கோடை வந்தால் ஃபோர்ஜ் ஷாப், ஃபவுண்டரி ஆட்களுக்குக் கம்பெனி தினமும் ஆளுக்கு ஒரு சின்னப் பொட்டலம் குளுக்கோஸும் உப்புத் தண்ணீரும் கொடுக்கும். டியூட்டி டாக்டர், “உங்களுக்குக் குளுக்கோஸ் தர்றாங்களே, குடிக்கறது இல்லையா?” என்று கேட்டார்.

ஏழுமலை வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். கூட வந்த யாதகிரி என்ற தோழர்தான் பதில் சொன்னார். “நை சாப், இனே பீதாச் நை. கர் கோ லேகோ ஜாத்தா.” இவன் குடிப்பதே இல்லை, வீட்டுக்கு எடுத்துப் போகிறான் என்று அர்த்தம். மற்றவர்கள் சிரித்தார்கள். “பொண்டாட்டிக்கு சர்பத் போடறான் சாப்” என்றார் ஒருவர்.

ரத்தம் எடுக்க வந்திருந்த நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டு டாக்டர் வசுந்தராவைக் கூப்பிட ஓடினேன். அவர் வந்து, வழக்கம்போல ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏழுமலையின் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

“ஏமய்யா ஏழுமலை, குளுக்கோஸை வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன பண்றே?”

“அவுளுக்குத்தான் டாக்டரம்மா. தெனம் காலைல ஊசி போட்டதும் ஒரு தம்ளர்.” வலியிலும் அவர் முகத்தில் ஒரு பெருமை. “நீங்கதானே அன்னைக்கு அத்தாந் தம்ளர் குடுத்து, கொழந்தைக்கு நல்லதுன்னீங்க. ஒரே ஒரு நாள் குடுத்தா எப்டி பத்தும்? அதான் மத்த நாளைக்கு நான் குடுக்கறேன். நடுங்கினா குளுக்கோஸ் குடுன்னும் நீங்கதான் சொன்னீங்க. நடுங்கற வரிக்கும் எதுக்கு வுடணும்? முன்னாடியே குடுத்துர்றேன். எனக்கு வேர்த்தா வேர்த்துட்டுப் போவுது.”

பூங்காவனம் ஏன் அத்தனை தடவை ‘இனிப்பே தொடவில்லை’ என்று சொன்னாள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் அதை மருந்து என்று நினைத்துக் குடித்தாள். மருந்தை யார் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பார்கள்?

டாக்டரின் முகம் வேறு ஒரு யோசனையில் மாறியது. “இன்னைக்குக் காலைல ஊசி போட்டியா?”

“போட்டேன்.”

“குளுக்கோஸ்?”

“நேத்தே தீந்துடுச்சு. இன்னைக்கு ரெண்டு பொட்டலமா கேட்டு வாங்கிட்டுப் போலாம்னு…”

டாக்டர் எழுந்துவிட்டார். அந்தக் குளுக்கோஸை ஈடுகட்டுவதற்காக அவரே கூட்டிக் கூட்டி வைத்திருந்த மருந்து முழுவதும் இப்போது பூங்காவனத்தின் உடம்பில் இருக்கிறது. அது தின்பதற்கு அங்கே சர்க்கரை இல்லை. “வேன் எங்கே?” என்று கேட்டுக்கொண்டே நடந்தார். நானும் கூடவே ஏறிக்கொண்டேன்.

குவார்ட்டர்ஸ் வாசலில் நாலைந்து பெண்கள். உள்ளே சமையலறைத் தரையில் பூங்காவனம் தொப்பலாக வேர்த்துக் கிடந்தாள். கண் திறந்திருந்தது, யாரையும் அடையாளம் தெரியவில்லை. பக்கத்து வீட்டு ஷமீம் பீ தலையை மடியில் வைத்துக்கொண்டு துவா ஓதிக்கொண்டிருந்தார். காற்றுச் சேஷ்டை என்று யாரோ சொல்லி, வேப்பிலை பறிக்க ஆள் போயிருந்தது.

“சர்க்கரை, சீக்கிரம்” என்றார் டாக்டர். அந்த வீட்டு டப்பாவில் ஒரு மணி சர்க்கரை இல்லை. வெல்லத்தைக்கூட டாக்டர் சொன்னார் என்று அன்றைக்கே ஒழித்துவிட்டார்கள். ஷமீம் பீ விஷயம் புரிந்ததும், “ஹவ் ஹவ், மேரே பாஸ் ஹை” என்று, தன்னிடம் இருப்பதாகச் சொல்லிக்கொண்டே எழுந்து ஓடினார். அவர் கொண்டுவந்தது ஏழுமலை வீட்டு ரேஷன் சர்க்கரைதான். தண்ணீரில் கரைத்து மடக்கு மடக்காக ஊட்டினோம். கொஞ்ச நேரத்தில் பூங்காவனத்தின் பார்வை தெளிந்தது. என்னைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள். நாக்கில் தித்திப்புத் தெரிந்திருக்க வேண்டும். பதறிப்போய் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் ஒண்ணும் துன்னல டாக்டரம்மா. இவங்க யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. நான் துன்னல.”

டாக்டர் அந்தத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். “தெரியும்மா. நீ துன்னல” என்று வட ஆற்காட்டுப் பேச்சிலேயே சொன்னார். வயிற்றில் குழாயை வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்டார். நெடுநேரம் கேட்டார். பிறகுதான் எங்களைப் பார்த்துத் தலையாட்டினார்.

அன்று சாயங்காலம் ஏழுமலையிடம் எல்லாவற்றையும் சொன்னார்கள். அதன்பின் அவர் சிரிஞ்சைத் தொடவே இல்லை. பூங்காவனம்தான் ஒரு நாள் கண்ணை மூடிக்கொண்டு தானே குத்திக்கொண்டாள். பிறகு கண்ணைத் திறந்துகொண்டே குத்தினாள். மருந்தைப் பழைய அளவுக்குக் குறைத்ததும் சர்க்கரை சொன்னபடி கேட்டது. சிஸ்டர் ஏலியம்மா மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த மீன் குழம்பை அவள் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள ஊற்றினார்.

ஊரிலிருந்து அவள் அம்மா, தாய்வீட்டில்தான் பிரசவம் என்று எழுதியிருந்தார். பூங்காவனம் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மாதம் நிறையும்வரை காத்திருந்தால் முதல் குழந்தைக்கு நேர்ந்தது நேரலாம் என்பதால், டாக்டர் முன்கூட்டியே நாள் குறித்து ஆபரேஷன் செய்து எடுத்தார். பெண் குழந்தை. அண்ணன்கள் இருவரையும்விட மிகவும் சின்னது. நன்றாகவே அழுதது. ஆனால் கொஞ்ச நேரத்தில் அழுகை மெலிந்து, கைவிரல்கள் படபடவென்று நடுங்க ஆரம்பித்தன. அப்போதுதான் என்னை ரத்தம் எடுக்கக் கூப்பிட்டார்கள்.

பூங்காவனம் மயக்க மருந்திலிருந்து இன்னும் தெளியவில்லை. ஏலியம்மா பிரசவ அறையில் இன்னொரு பெண்ணோடு இருந்தார். டாக்டர் அங்கே திரும்பிப் போக வேண்டும். குழந்தைக்குப் பொழுது முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டிக்கொண்டே இருக்க, அதன் பக்கத்தைவிட்டு நகராத ஓர் ஆள் வேண்டும். டாக்டர் தம்ளரோடு ஏழுமலையிடம் போனார். அவர் மறுத்தார். நான் கொடுக்கிறேன் என்று கையை நீட்டினேன். டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில் கையை இழுத்துக்கொண்டேன்.

அவர் ஸ்டூலைத் தேடி எடுத்து ஏழுமலையின் முன்னால் போட்டு உட்கார்ந்தார். அந்த உயரமான மனிதரை அண்ணாந்து பார்த்துப் பேசினார்.

“அன்னைக்கு நான் சொன்னது பாதி. கொழந்தைக்கு நல்லதுன்னு சொன்னேன், அது சோதனைன்னு சொல்லல. நீ பாதியை நம்பி முழுசா செஞ்சே. இன்னைக்கு முழுசும் சொல்றேன், கேளு. இது உள்ளே இருந்த வரைக்கும் அம்மா ரத்தத்துல இருந்து சர்க்கரை வந்துக்கிட்டே இருந்தது. அதுக்கு ஏத்த மாதிரி இதோட உடம்பு பழகிடுச்சு. கொடியை அறுத்ததும் வர்றது நின்னு போச்சு, பழக்கம் மட்டும் நிக்கல. இருக்கறதையும் அதுவே தின்னு தீர்க்குது. உன் ரெண்டாவது பையன் எப்படி நடுங்கினான்?”

ஏழுமலை தொட்டிலைப் பார்த்தார். “இப்டித்தான்.”

“அவனுக்கு அப்ப யாரும் இதைக் குடுக்கல. குடுக்கணும்னு அங்க யாருக்கும் தெரியல. இந்தக் குளுக்கோஸ், பொண்ணு வயித்துல இருக்கும்போது அம்மாவுக்குக் கெடுதலா இருந்தது, இன்னைக்கு ஒரு நாளைக்குப் பொண்ணுக்கு இதுவே மருந்து. நாளைக்குத் தாய்ப்பால் ஊறிடும், அப்புறம் இது வேண்டாம். இவ்வளவுதான் முழுசும். நான் மறைச்சது எதுவும் இல்லை.”

எழுந்து, தம்ளரையும் கரண்டியையும் அந்த ஸ்டூலின்மேல் வைத்து மூடினார். பிரசவ அறையிலிருந்து ஏலியம்மா கூப்பிடும் குரல் கேட்டது. டாக்டர் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

ஏழுமலை விறுவிறென்று வெளியே நடந்தார். போய்விட்டார் என்றே நினைத்தேன். நான் தொட்டிலிலிருந்து குழந்தையைக் கையில் எடுத்தபோது வராந்தாக் கோடியில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. திரும்பி வந்தவரின் இரண்டு கைகளும் முழங்கைவரை ஈரமாக மேலே தூக்கியிருந்தன. காயும்வரை அப்படியே நின்றார். பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, “இப்டி குடு தாயி” என்று என்னிடமிருந்து மகளை வாங்கி, அந்தக் கருகிய முழங்கையில் அவள் தலையைச் சாய்த்துக்கொண்டு, கரண்டியின் நுனியால் ஒரு சொட்டை உதட்டில் விட்டார். அது உள்ளே போயிற்றா என்று குனிந்து பார்த்தார். தொண்டை அசைந்தது. அவர் அடுத்த சொட்டை எடுத்தார்.